வேண்டாம் என்ற தளபதி

வான்படைகளின் கதை: அத்தியாயம் 17

சென்ற வாரம் ஜெர்மன் டாங்கிகளை மியூஸ் நதிக்கரையில் விட்டுவிட்டு வந்தோம். செடானில் அவை நதியைத் தாண்டியது 1940 மே 13. மறுநாளே பிரெஞ்சுப் பிரதமர் ரெய்னோவிடமிருந்து லண்டனுக்கு அவசர வேண்டுகோள் வந்தது. இன்னும் பத்து ஸ்குவாட்ரன் போர் விமானங்கள் வேண்டும், அதுவும் உடனே. 15ஆம் தேதி காலையில் அவரே சர்ச்சிலைத் தொலைபேசியில் பிடித்து, நாங்கள் தோற்றுவிட்டோம் என்றார். சர்ச்சில் பிரதமராகி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. நட்பு நாடு கண்ணெதிரே மூழ்குகிறது, கையில் விமானங்கள் இருக்கின்றன. கொடுக்காமல் இருப்பது அவர் சுபாவத்திலேயே கிடையாது.

கொடுக்கக் கூடாது என்று நேரில் வந்து சொன்னவர் ஏர் சீஃப் மார்ஷல் ஹியூ டவுடிங். பிரிட்டனின் போர் விமானங்கள் அனைத்தையும் கட்டிக்காத்த ஃபைட்டர் கமாண்டின் தலைமைத் தளபதி. வயது 58. ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, சிரிப்பு அதிகம் தங்காத முகம். சக அதிகாரிகள் வைத்த பட்டப்பெயர் ‘ஸ்டஃபி’. கலகலப்பாகப் பேசத் தெரியாத, விதிமுறை தவறாத, விருந்துகளில் ஓரமாக நிற்கிற ஆளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தானாகவே அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, 15ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

கையில் ஒரு வரைபடத்தாள். பிரான்ஸில் நாளொன்றுக்கு எத்தனை ஹரிக்கேன் விமானங்கள் அழிகின்றன என்று காட்டும் கோடு அதில் இருந்தது. எழுந்து போய் அதைப் பிரதமரின் முன்னால் வைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதே வேகத்தில் போனால் இன்னும் இரண்டு வாரத்தில் பிரான்ஸிலும் சரி, இங்கிலாந்திலும் சரி, ஒரு ஹரிக்கேன்கூட மிஞ்சாது என்பதுதான் அவர் சொன்ன கணக்கு. பென்சிலை மேசையில் விட்டெறிந்தார், ராஜினாமா செய்வேன் என்று மிரட்டினார் என்றெல்லாம் இந்தக் காட்சிக்குக் காலப்போக்கில் மசாலா சேர்ந்துவிட்டது. அன்றைய கூட்டக் குறிப்புகளில் அதெல்லாம் இல்லை.

பேச்சில் சொன்னது போதாது என்று மறுநாள், மே 16, உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். எண்ணிட்ட பத்துப் பத்திகள். அலங்காரம் எதுவும் கிடையாது. நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன்கள் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தீர்கள், இப்போது கையில் இருப்பது 36. எவ்வளவு குறைந்தால் போதும் என்று எனக்கு எழுத்தில் சொல்லுங்கள், அதற்குக் கீழே ஒரு விமானம்கூட வெளியே போகாது என்று உறுதி கொடுங்கள். பிரான்ஸைக் காப்பாற்றப் போய் உள்நாட்டுப் படையைக் கரைத்துவிட்டால் பிரிட்டனின் தோல்வி முடிவானது, அதிலிருந்து மீளவே முடியாது. சாரம் இவ்வளவுதான். விதைநெல்லைக் குத்திச் சோறாக்காதீர்கள் என்று நம் ஊர் விவசாயி சொல்வதை அவர் அரசாங்க மொழியில் எழுதினார்.

உடனே பலித்துவிடவில்லை. அதே 16ஆம் தேதி பாரிஸுக்குப் பறந்த சர்ச்சில், அங்கிருந்தபடியே மேலும் ஆறு ஸ்குவாட்ரன்கள் கேட்டார், அமைச்சரவையும் சம்மதித்தது. ஆனால் அவற்றை நிறுத்திவைக்க பிரான்ஸில் உருப்படியான தளங்கள் மிச்சமில்லை. ஆகவே பகலில் போய்ப் போரிட்டுவிட்டு மாலையில் இங்கிலாந்துக்குத் திரும்புவது என்று ஒரு நடுவழி கண்டார்கள். மூன்று நான்கு நாள்களில் சர்ச்சிலே, இனி எந்த ஸ்குவாட்ரனும் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். அதற்குள்ளும் அதற்குப் பிறகுமாக, பிரான்ஸ் வீழ்வதற்குள் ஏறக்குறைய 400 ஹரிக்கேன்கள் போய்விட்டன.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்?

ஸ்காட்லாந்தில் மொஃபட் என்ற சிற்றூரில் 1882இல் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூடம் நடத்தியவர். வின்செஸ்டர் பள்ளி, பிறகு வூலிச் ராணுவக் கல்லூரி, 1900இல் பீரங்கிப்படை. ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங் என்று சுற்றிவிட்டு இந்தியா வந்தார். கோவேறு கழுதைகள் முதுகில் பீரங்கியைப் பிரித்து ஏற்றிக்கொண்டு மலையேறும் மலைப்பீரங்கிப் படையில் சில ஆண்டுகள். நம் வாசகர்கள் சிலரின் கொள்ளுத்தாத்தா காலத்துச் சிப்பாய்கள் அவரைப் பார்த்திருக்கலாம். நினைவில் வைத்திருக்கும்படி அப்போது அவர் ஒன்றும் செய்துவிடவில்லை.

31 வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆகாயத்தின் மீது காதல் என்றெல்லாம் இல்லை. ராணுவ மேல்படிப்புக் கல்லூரியில் இருந்தபோது, விமானங்களை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதே மேலதிகாரிகளுக்குத் தெரியவில்லை என்று பட்டது, அதனால் போனார். புரூக்லண்ட்ஸ் பயிற்சிப் பள்ளியில் 1913 டிசம்பரில் உரிமம் கையில் கிடைத்தபோது அவர் வானத்தில் இருந்த மொத்த நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. அப்பா ஆபத்தான வேலை என்று தடுக்க, அடங்கிப்போய்ப் பீரங்கிக்கே திரும்பினார். உலகப்போர் வந்துதான் அவரை மறுபடி மேலே ஏற்றியது.

அந்தப் போரில் நடந்த இரண்டு சம்பவங்கள் முக்கியம். இரண்டிலும் எதிரே நின்றவர் ஹியூ டிரென்சார்ட், பின்னாளில் ராயல் ஏர்ஃபோர்ஸின் தந்தை என்று கொண்டாடப்பட்டவர்.

1915இல் டவுடிங்கின் 16ஆம் ஸ்குவாட்ரனுக்கு அளவு பொருந்தாத புரொப்பெல்லர்கள் வந்தன. பொருந்தவில்லை என்று சொன்னார். துளையைப் பெரிதாக்கி மாட்டிக்கொள்ளலாம் என்று மேலிடம் சொன்னது. டவுடிங் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சொன்னபடி துளையைப் பெரிதாக்கி, மாட்டி, வேறு யாரையும் ஏற்றாமல் தானே ஓட்டிப் பார்த்தார். உயிர் தப்பியது பெரிய விஷயம். டிரென்சார்ட் வருத்தம் தெரிவித்தார். கூடவே, இந்த ஆள் சொல்வதைச் செய்து காட்டியே நம்மைக் குற்றவாளியாக்குகிறார் என்ற எரிச்சலும் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

மறு ஆண்டு சோம் போர்க்களம். அடிமேல் அடி வாங்கிய 60ஆம் ஸ்குவாட்ரனை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று டவுடிங் கேட்டார். டிரென்சார்டின் கொள்கை ஓயாத தாக்குதல். அவர் ஸ்குவாட்ரனை அனுப்பினார். அதன் பிறகு சீக்கிரமே டவுடிங்கையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார், பயிற்சி வேலைக்கு. கடைசிவரை போர்முனையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. களைத்த பையன்களை மேலும் மேலும் அனுப்பி என்ன சாதிக்கப் போகிறோம் என்ற கேள்வியை அவர் அப்போதே கேட்டுவிட்டார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 ஆண்டுகள் கழித்து அதே கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது.

1918இல் திருமணம். இரண்டே ஆண்டுகளில் மனைவி இறந்துபோனார், கையில் ஒரு குழந்தை. வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்து சேர்ந்தார். இருபதுகளை வேகமாகத் தாண்டலாம். இராக்கில் ஒரு பதவி, பாலஸ்தீனத்தில் ஒரு பணி, லண்டனில் மேசை வேலை.

1930இல் விமான அமைச்சகத்தில் ஆராய்ச்சிக்கும் தளவாடத்துக்கும் பொறுப்பான பதவிக்கு வந்தார். நாற்காலி சூடேறும் முன்பே ஆர்101 வான்கப்பல் விவகாரம். இந்தியாவுக்கு, கராச்சிக்கு, முதல் பயணம் போக வேண்டும் என்று விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு அவசரப்பட்டார். டவுடிங்கும் ஒரு வெள்ளோட்டத்தில் ஏறிப் போனார். சோதனை போதாது என்று மனதுக்குத் தோன்றினாலும், நிபுணர்கள் சரி என்கிறார்களே, நாம் புதிய ஆள்தானே என்று விட்டுவிட்டார். அக்டோபர் 5 அதிகாலை பிரான்ஸில் போவே நகரத்துக்கு அருகே அது தரையில் மோதி எரிந்தது. அமைச்சர் உட்பட 48 பேர் இறந்தார்கள். நிபுணர் சொன்னார் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் டவுடிங்கிடம் அன்றோடு முடிந்தது.

ஐந்து ஆண்டு கழித்து ரேடார் அவர் மேசைக்கு வந்தபோது இது உதவியது. ராபர்ட் வாட்சன்-வாட்டும் அவருடைய உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸும் காகிதத்தில் கணக்குப் போட்டு, வானொலி அலை விமானத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கலாம் என்றார்கள். பத்தாயிரம் பவுண்டு வேண்டும். கணக்கை வைத்து எதையும் நிரூபித்துவிடலாம், செய்து காட்டுங்கள், பிறகு பணம் என்றார் டவுடிங். 1935 பிப்ரவரி 26 காலை, டாவென்ட்ரியில் பிபிசியின் சிற்றலை கோபுரத்துக்கு அருகே ஒரு வயலில் வண்டியை நிறுத்தி, பெட்டிக்குள் ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மேலே ஒரு ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானம் போகவும் வரவும் இருந்தது. அது நெருங்க நெருங்கப் புள்ளி நீண்டது. சுமார் எட்டு மைல் தூரம் வரை தெரிந்தது. பணம் வந்தது.

குண்டுவீச்சு விமானம் எப்படியும் உள்ளே நுழைந்துவிடும், தடுக்க வழியே இல்லை என்று ஸ்டான்லி பால்ட்வின் 1932இல் நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார். நாடே அதை நம்பியது. விமானப்படைக்குள்ளும் பணமும் பெருமையும் குண்டுவீச்சுப் பிரிவுக்கே போயின. தற்காப்பு என்பது கோழைகளின் வேலை என்கிற அளவுக்குப் பேச்சு. 1936 ஜூலையில் புதிதாக அமைத்த ஃபைட்டர் கமாண்டுக்கு டவுடிங் முதல் தளபதியாக நியமிக்கப்பட்டது இந்தச் சூழலில்தான். ஸ்டான்மோரில் பென்ட்லி பிரையரி என்ற பழைய மாளிகை தலைமையகம்.

அடுத்த நான்கு ஆண்டுகள் அவர் செய்த வேலை சினிமாவில் வராது. தொலைபேசிக் கம்பி இழுத்தார். மழைக்காலத்தில் சேறாகும் புல்தரைக்குப் பதிலாக கான்கிரீட் ஓடுபாதை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அமைச்சகத்தோடு மல்லுக்கு நின்றார். விமானியின் முகத்துக்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி கேட்டபோது அதிகாரிகள் சிரித்தார்கள். சிகாகோ ரவுடிகளின் காருக்கே அது இருக்கிறதே, என் பையன்களுக்கு ஏன் இல்லை என்று திருப்பிக் கேட்டார்.

டவுடிங்கின் சாதனை ரேடார் அல்ல. ரேடார் ஜெர்மானியரிடமும் இருந்தது. பார்த்த செய்தியை வானத்தில் இருக்கும் விமானியின் காதுக்குச் சில நிமிடங்களில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் அவர்களிடம் இல்லை. கடற்கரையோரம் 350 அடி எஃகுக் கோபுரங்கள் கடலை நோக்கிப் பார்த்தன. எதிரி கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவற்றுக்குக் கண் கிடையாது. அங்கிருந்து அப்சர்வர் கோரைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தொண்டர்கள், கடைக்காரர், ஆசிரியர், விவசாயி, தொலைநோக்கியும் தொலைபேசியுமாக மேட்டில் நின்று எண்ணிச் சொன்னார்கள். எல்லாத் தகவலும் பென்ட்லி பிரையரிக்கு வரும். ஒரே கூட்டத்தை இரண்டு கோபுரம் பார்த்து இரண்டாகச் சொல்லும், அதைச் சலித்து ஒன்றாக்குவதற்கென்றே ஓர் அறை இருந்தது. சலித்த பிறகுதான் அது வரைபட மேசைக்குப் போகும்.

அந்த மேசையைச் சற்று நின்று பார்க்கலாம். தெற்கு இங்கிலாந்தும் கால்வாயும் வரைந்த பெரிய மேசை. சுற்றிலும் காதில் கருவி மாட்டிய இளம்பெண்கள், மகளிர் துணைப்படையினர். கையில் நீண்ட கோல். காதில் வரும் எண்ணுக்கேற்ப வண்ண வில்லைகளைத் தள்ளித் தள்ளி எதிரியின் பாதையை வரைகிறார்கள். சுவரில் ஒரு கடிகாரம். முகப்பில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து சிவப்பு, மஞ்சள், நீலம் பூசியிருக்கும். முள் சிவப்பில் இருக்கும்போது வந்த தகவலுக்குச் சிவப்பு வில்லை, மஞ்சளுக்கு மஞ்சள். மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எந்தத் தகவல் புதிது, எது ஆறிப்போனது என்று நிறமே சொல்லிவிடும். இதே படம் ஒரே சமயத்தில் குரூப் தலைமையகத்திலும் செக்டர் தளங்களிலும் விரிந்திருக்கும். தளபதி மையத்தில் இருந்தார், முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழே கொடுத்துவிட்டார். தென்கிழக்கைக் கவனித்த 11ஆம் குரூப்பின் தலைவர், நியூசிலாந்துக்காரரான கீத் பார்க், எந்த ஸ்குவாட்ரன் எப்போது எழும்ப வேண்டும் என்று தானே சொல்வார்.

வெட்டியாக வானத்தில் சுற்றிக்கொண்டிருக்க ஆளும் இல்லை, எரிபொருளும் இல்லை. கால்வாயைக் கடக்க எதிரிக்கு ஐந்தாறு நிமிடம் போதும். ஒரு ஹரிக்கேன் இருபதாயிரம் அடிக்கு ஏறச் சில நிமிடம் கூடுதலாகவே பிடிக்கும். இந்த இடைவெளியை அடைத்தது அந்த மேசை.

இத்தனை செய்தவருக்கு அமைச்சகம் கொடுத்த மரியாதை விசித்திரமானது. 1939 ஜூனில் ஓய்வு என்றார்கள். போர் நெருங்கவே, 1940 மார்ச் வரை இருங்கள் என்றார்கள். பிறகு ஜூலை 14 வரை. பிறகு அக்டோபர் கடைசி வரை. பிரிட்டன் வான்போர் தொடங்கியதாக வரலாறு குறிப்பது ஜூலை 10. ஆக, போர் தொடங்கி நான்காம் நாள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் அதை நடத்தினார்.

அந்தப் போரின் நாள் விவரம் வரும் வாரங்களில் விரியும். டவுடிங்கைப் பற்றிய அளவில் ஒன்று போதும். அவர் எதிரியை எத்தனை வீழ்த்தினோம் என்று எண்ணுவதைவிட, நாளைக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்தார். விமானம் புதிதாக வந்துகொண்டிருந்தது, விமானி வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் தளங்கள் நொறுங்கியபோது, களைத்த ஸ்குவாட்ரன்களை வடக்கே அனுப்பித் தேறிய ஆட்களைத் தெற்கே கொண்டுவந்தார். ஒரே அடியாக எல்லோரையும் இறக்குங்கள் என்ற குரல்களுக்குக் காது கொடுக்கவில்லை. மகன் டெரெக்கும் 74ஆம் ஸ்குவாட்ரனில் விமானியாக அந்த வானத்தில் இருந்தார். ஜெர்மனி சொல்லும் கணக்கு வேறாக இருக்கிறதே என்று விமான அமைச்சர் சின்க்ளேர் கவலைப்பட்டபோது, அவர்கள் சொல்வது உண்மையானால் ஒரு வாரத்தில் லண்டனுக்கு வந்துவிடுவார்கள் என்று பதில் சொன்னார். அந்தக் கோடையில் அவருடைய விமானிகள் 544 பேர் திரும்பவில்லை.

எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். போலந்து, செக் விமானிகளை ஆரம்பத்தில் சந்தேகத்தோடுதான் பார்த்தார். போலந்தின் 303ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் பிரிவுகளிலேயே முதல் வரிசைக்கு வந்த பிறகு, தன் அதிகாரபூர்வ அறிக்கையில் அந்தச் சந்தேகத்தை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார்.

அவர் வேண்டாம் என்று சொல்லியும் திணிக்கப்பட்டவை உண்டு. டிஃபையன்ட் விமானம் அதில் ஒன்று. நான்கு துப்பாக்கிகளும் விமானிக்குப் பின்னால் ஒரு சுழல்கூண்டில், முன்பக்கம் சுட எதுவுமே கிடையாது. அதை வைத்திருந்த 264ஆம் ஸ்குவாட்ரன் ஆகஸ்ட் கடைசியில் சில நாள்களிலேயே சின்னாபின்னமாகிப் பகல்போரிலிருந்து விலக்கப்பட்டது. அந்த ஸ்குவாட்ரன் தாங்கிய அடைமொழி ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. நம் சென்னை மாகாணம் அளித்த போர் நிதிக்கு நன்றியாக வைத்த பெயர் அது.

செப்டம்பரில் படையெடுப்பு பயம் தணிந்ததும் உள்சண்டை வெளியே வந்தது. லண்டனுக்கு வடக்கே 12ஆம் குரூப்பின் தலைவர் டிராஃபர்ட் லீ-மல்லரிக்கும் பார்க்குக்கும் ஆகாது. இரண்டு கால்களை இழந்தும் பறந்த டக்ளஸ் பேடர் லீ-மல்லரியின் நட்சத்திரம். ஒன்றிரண்டு ஸ்குவாட்ரனாக அனுப்பாமல் நான்கைந்தை ஒன்றுசேர்த்து மொத்தமாக மோத வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கூடிச் சேர்வதற்குள் எதிரி குண்டு போட்டுவிட்டுப் போய்விடுவான் என்பது பார்க்கின் பதில். பார்க் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். ஆனால் இந்தச் சண்டையை மாதக்கணக்கில் புகைய விட்டது டவுடிங்கின் தவறு. இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு முடிவு சொல்லியிருக்க வேண்டும். மனிதர்களைச் சமாளிப்பது அவருக்கு வராத கலை.

அக்டோபர் 17 அன்று அமைச்சகத்தில் நடந்த கூட்டத்தில் ஸ்குவாட்ரன் லீடரான பேடர் உட்கார்ந்திருக்கிறார், டவுடிங்கும் பார்க்கும் கூண்டில் ஏறியவர்கள்போலப் பதில் சொல்கிறார்கள். தலைமை வகித்தவர் ஷால்டோ டக்ளஸ். இதற்கிடையே இரவுக் குண்டுவீச்சில் லண்டன் எரிந்துகொண்டிருந்தது, தடுக்க முடியவில்லை. விமானத்துக்குள்ளேயே ரேடார் வைத்தால்தான் வழி, அது பக்குவமாகக் கொஞ்சம் காலம் பிடிக்கும் என்றார் டவுடிங். உண்மைதான். ஆனால் எரிகிற ஊரில் எடுபடுகிற பேச்சு அல்ல. நவம்பர் நடுவில் சின்க்ளேர் அழைத்துச் சொல்லிவிட்டார். 25ஆம் தேதி நாற்காலி ஷால்டோ டக்ளஸுக்குப் போனது. 11ஆம் குரூப் லீ-மல்லரிக்கு. பார்க் பயிற்சிப் பள்ளிக்கு. அதே நவம்பரில், 20ஆம் தேதி அதிகாலை, ரேடார் பொருத்திய பியூஃபைட்டர் ஒன்று இருட்டில் தன் முதல் விமானத்தை வீழ்த்தியிருந்தது.

1941இல் அமைச்சகம் அந்த வான்போரைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று வெளியிட்டது. லட்சக்கணக்கில் விற்றது. டவுடிங் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. சர்ச்சிலுக்கே கோபம் வந்தது. 1942இல் ஓய்வு, 1943இல் பிரபு பட்டம். விமானப்படையின் உச்சப் பதவியான மார்ஷல் பட்டத்தை மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. இறந்துபோன விமானிகளோடு ஆவி வழியாகப் பேசுகிறேன் என்று புத்தகம் எழுதினார், சைவ உணவுக்கு மாறினார், பிரபுக்கள் சபையில் விலங்குகளை வதைப்பதற்கு எதிராகப் பேசினார். 1969இல் வான்போரைப் படமெடுத்தபோது லாரன்ஸ் ஒலிவியர் அவர் வேடத்தில் நடித்தார், படப்பிடிப்புக்கு இவரே வந்து பார்த்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

அவரை வீழ்த்தியவர்களில் லீ-மல்லரிக்குப் பதவி மேல் பதவி வந்தது. நார்மண்டிப் படையிறக்கத்தில் நேச நாடுகளின் விமானப்படைத் தலைவர், பிறகு கண்டியில் மவுண்ட்பேட்டனின் தலைமையகத்தில் தென்கிழக்கு ஆசிய விமானப்படைகள் முழுவதற்கும் பொறுப்பு. 1944 நவம்பரில் அந்தப் பதவியை ஏற்க மனைவியோடு கிளம்பிய விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் கீத் பார்க். அதற்கு முன் மால்டா தீவில் அவர் என்ன செய்தார் என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)